யாருக்குத் தெரியக் கூடாது?

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எந்த பிரவுசரைப் பயன்படுத்தலாம் என்று கேட்டுத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயர்பாக்ஸ், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி. பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் இதைக் குறித்துக்கொண்டு கிளம்பலாம். ஆனால் இங்கே இருக்கிற சிலருக்கு இந்தப் பதில் போதாது. சிலருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் இணையத்தில் பார்ப்பது யாருக்குத் தெரியக் கூடாது என்பதைப் பொறுத்து பிரவுசர் மாறும். அதைச் சொல்லாமல் பிரவுசர் கேட்பது, நோய் என்னவென்று சொல்லாமல் மருந்துக் கடையில் போய் நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள் என்று கேட்பதைப் போன்றது.

'எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, யார் பார்த்தால் என்ன' என்று சில நண்பர்கள் சொல்வார்கள். நகரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வீட்டுக்காரர் பெயரைக் கேட்பார். அப்பா பெயரைக் கேட்பார். சொந்த ஊர் எது, ஊருக்குள்ளே எந்தப் பக்கம் என்பார். சைவமா அசைவமா என்பார். சாதியைக் கேட்கவே மாட்டார்! அந்தக் கேள்விகளுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது உங்கள் பிரவுசரில் ஒரு வருட ஹிஸ்டரியை மனதில் ஓட்டிப் பாருங்கள். கல்வி உதவித்தொகைக்கான பக்கம், ஆதிதிராவிடர் நல விடுதி விண்ணப்பம், தாட்கோ கடன் விவரம், நீங்கள் படிக்கிற இதழ்கள், குலதெய்வக் கோயில் இருக்கும் ஊருக்கு வழி. யாரும் எதுவும் கேட்காமலே வீட்டுக்காரருக்கு வேண்டிய பதில் அதில் இருக்கிறது. விளம்பர வியாபாரம் வாங்கி விற்பது இந்த மாதிரியான வரிசைகளைத்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு நம் பக்கம் இருக்கிறது. போன் இன்னும் நம் பக்கம் வரவில்லை.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சிறு நகரம், கல்லூரி இறுதியாண்டு. வேறு சாதிப் பையனைக் காதலிக்கிறாள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய என்னென்ன ஆவணம் வேண்டும் என்று போனில் தேடுகிறாள். இது யாருக்குத் தெரியக் கூடாது? கூகுளுக்கா? கூகுளுக்குத் தெரிந்தால் பட்டுப்புடவை விளம்பரம் காட்டும். இரவில் போனை வாங்கிப் பார்க்கிற அண்ணனுக்குத் தெரிந்தால் அவள் உயிருக்கே ஆபத்து. இந்தப் பெண்ணிடம் போய் 'குரோமை விட்டுவிடு, டோர் போட்டுக்கொள்' என்று நாம் தொழில்நுட்பப் பாடம் எடுத்தால் அவளைக் காட்டிக்கொடுக்கிறோம். போனில் புதிதாக ஒரு வெங்காயப் படம் முளைத்திருப்பதே அண்ணனுக்கு ஒரு கேள்வி.

அவளுக்கு வேண்டியது, ஏற்கெனவே பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிற குரோமின் இன்காக்னிட்டோ சாளரம். வேலை முடிந்ததும் மூடிவிட்டால் அந்தப் போனில் ஹிஸ்டரி தங்காது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, அதற்குள் போய் ஜிமெயில் கணக்கில் நுழையவே கூடாது. நுழைந்துவிட்டால் தேடியதெல்லாம் கணக்கில் சேரலாம். அதே கணக்கு வீட்டுக் கணினியிலும் இருந்தால், தேடல் பெட்டியில் ஒரு எழுத்தைத் தட்டியதும் பழைய தேடல் அங்கே வந்து நிற்கும். இரண்டாவது, தரவிறக்கிய கோப்புகள். இன்காக்னிட்டோவில் இறக்கிய விண்ணப்பப் படிவமும் போனின் டவுன்லோட்ஸ் பகுதியில் அப்படியே கிடக்கும். அதைக் கையோடு அழிக்க வேண்டும். புதிய ஆப் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிலையில் இருப்பவர்கள் பயர்பாக்ஸ் ஃபோகஸ் போட்டுக்கொள்ளலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

இவ்வளவு கவனமாக இருந்து என்ன? சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன் படி முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்து, அதைப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். கேரளத்தில் அந்த அறிவிப்புகளைப் பதிவுத் துறை இணையதளத்திலும் ஏற்றி வைத்திருந்தார்கள். மதவெறிக் கும்பல்கள் அவற்றை எடுத்துப் பரப்பி இணையர்களை மிரட்டியதால், எதிர்ப்பு எழுந்து, 2020இல் அரசு அதை நிறுத்தியது. பிரவுசர் எதுவானாலும் அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளை அதனால் கிழிக்க முடியாது. இதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இன்காக்னிட்டோ அண்ணனிடமிருந்து காப்பாற்றும் என்றேன். நிறுவனத்திடமிருந்து? இல்லை. இதைச் சொல்லித்தான் 2020இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் தகவல் திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024இல் சமரசத்துக்கு வந்த கூகுள், பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோ திறக்கும்போது வரும் அறிவிப்பின் வாசகத்தையும் மாற்றியது. இப்போது திறந்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். நாங்களும் தகவல் திரட்டுவோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

சரி, நிறுவனம் எப்படிப் பின்தொடர்கிறது? குக்கி என்பது 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுலி உருவாக்கிய ஒரு சின்ன ஏற்பாடு. நீங்கள் மறுபடி வரும்போது கடைக்காரருக்கு உங்களை அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பிறகு என்ன ஆனது என்றால், ஒவ்வொரு கடையிலும் ஒரே விளம்பர நிறுவனம் தன் ஆளை மூலையில் உட்கார வைத்தது. நீங்கள் கடைக்குக் கடை போகிறீர்கள். அந்த ஒரே ஆள் எல்லா இடத்திலும் நோட்டில் குறித்துக்கொள்கிறார். இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கி. சஃபாரி 2020இல் இதை முழுதாகத் தடுத்தது. பயர்பாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கத் தொடங்கியது. கூகுள் என்ன செய்தது? இரண்டு ஆண்டில் ஒழித்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் அறிவித்தது, தள்ளிப் போட்டது, மறுபடி தள்ளிப் போட்டது, 2024இல் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனத்தின் பிரவுசர் அப்படித்தான் இருக்கும். நல்லெண்ணம், கெட்ட எண்ணம் என்று இதில் தேட ஒன்றுமில்லை.

குக்கியைத் தாண்டியும் போனார்கள். 2025 ஜூன் மாதம் நெதர்லாந்து, ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மெட்டா நிறுவனத்தின் பிக்சல் என்ற நிரல் லட்சக்கணக்கான இணையதளங்களில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் நீங்கள் அப்படி ஒரு தளத்தைப் பிரவுசரில் திறந்தால், அந்த நிரல் போனுக்குள்ளேயே ஒரு பின்கதவு வழியாக, அதே போனில் இருக்கிற ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்களுடன் பேசியது. பிரவுசரில் நீங்கள் பெயர் சொல்லவில்லை. ஆப்புக்கோ உங்கள் பெயர் தெரியும். இரண்டையும் சேர்த்தால் முடிந்தது. இன்காக்னிட்டோவாக இருந்தாலும், குக்கியை அழித்தாலும் இது வேலை செய்தது. விஷயம் வெளியே வந்த அன்றே மெட்டா நிறுத்திக்கொண்டது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனம் இதே மாதிரி வேலையை 2017 முதலே செய்து வந்திருக்கிறது. பிரேவ் என்ற பிரவுசர் இந்த வழியை முன்னதாகவே அடைத்து வைத்திருந்தது. பெருமை அதற்குச் சேர வேண்டும். மற்றபடி இதிலிருந்து எனக்குத் தோன்றுவது எளிய விஷயம்: இன்ஸ்டாகிராமை ஆப்பாக வைத்துக்கொள்ளாமல் பிரவுசரில் திறந்து பார்த்தால் இந்த ஓட்டையே இருந்திருக்காது. ரீல்ஸ் கொஞ்சம் மெதுவாக ஓடும். பரவாயில்லை.

இன்னொன்று, கைரேகை என்று சொல்லப்படுவது. உங்கள் கணினியின் திரை அளவு, நேர மண்டலம், மொழி, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரு தளம் கேட்டுப் பெற முடியும். தனித்தனியாக எதுவும் உங்களைக் காட்டாது, சேர்த்தால் காட்டும். நம்மில் பதிப்பு வேலை, சுவரொட்டி வடிவமைப்பு செய்கிறவர்கள் கணினியில் நாற்பது தமிழ் எழுத்துரு வைத்திருப்பார்கள். பிரவுசரின் மொழியையும் தமிழ் என்று வைத்திருப்பார்கள். உலகக் கூட்டத்தில் அவர்கள் சிவப்புச் சட்டை போட்டவர் மாதிரித் தனியாகத் தெரிவார்கள். அதற்காகத் தமிழை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நான் ஆள் இல்லை. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 'கவர் யுவர் ட்ராக்ஸ்' என்றொரு பக்கம் வைத்திருக்கிறது. அதில் போய் ஒரு பொத்தானைத் தட்டினால் உங்கள் பிரவுசர் கூட்டத்தில் எவ்வளவு தனித்துத் தெரிகிறது என்று சொல்லும். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இப்போது குரோம். 2008இல் வந்தது. இன்று உலகில் இணையம் பார்ப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதில்தான் பார்க்கிறார்கள். இந்தியாவில் இன்னும் அதிகம். எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் என்று பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே ஓடுவது கூகுள் முன்னின்று எழுதும் குரோமியம்தான். ஐபோன் வைத்திருக்கும் தோழர்கள், அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள், நம் நாட்டில் நீங்கள் எதைப் போட்டாலும் உள்ளே இருப்பது சஃபாரியின் எஞ்சின். இந்த இரண்டுக்கும் வெளியே பரவலாகப் பயன்பாட்டில் மிச்சமிருப்பது பயர்பாக்ஸின் கெக்கோ ஒன்றுதான்.

மக்களே விரும்பித் தேர்ந்தெடுத்ததால்தான் கூகுள் இவ்வளவு பெரிதானது என்று சொல்வார்கள். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் வெளிவந்த ஒரு கணக்கு: போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடல் இயல்பாக அமைந்திருக்க 2021ஆம் ஆண்டு மட்டும் கூகுள் மற்றவர்களுக்குக் கொடுத்த பணம் 2,630 கோடி டாலர். மக்கள் தானாக வந்துவிடுவார்கள் என்றால் இவ்வளவு பணம் எதற்கு? முதலில் எது அமைந்திருக்கிறதோ அதை யாரும் மாற்ற மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து இப்படித்தான், மாற்ற முடியாது என்று நினைக்க வைக்கிற ஏற்பாடுகளோடு நமக்குப் பழக்கம் உண்டு. குரோமை விற்றுவிட வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டதை, 2025 செப்டம்பரில் நீதிபதி மறுத்துவிட்டார்.

யூபிளாக் ஆரிஜின் கதையையும் கேளுங்கள். ரேமண்ட் ஹில் என்பவர் எழுதியது. நன்கொடை கூட வாங்க மாட்டேன் என்கிற மனிதர். விளம்பரத்தையும் பின்தொடரும் நிரல்களையும் வாசலிலேயே நிறுத்துகிற நீட்சி. கூகுள் தன் நீட்சி விதிகளை மாற்றியது. மேனிஃபெஸ்ட் வி3 என்று பெயர். பாதுகாப்புக்காக என்றார்கள். விளைவு, யூபிளாக் ஆரிஜின் குரோமில் முடக்கப்பட்டது. அதன் இளைத்த வடிவம் ஒன்றுதான் அங்கே கிடைக்கிறது. பயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. போன் குரோமில் நீட்சியே போட முடியாது. நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவை வைத்துக்கொண்டு தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது கொள்கை விவகாரமே இல்லை. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் செய்தி கொஞ்சமாகவும் விளம்பரக் காணொலி நிறையவும் இறங்குகிறதே, அந்த டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்வது விளம்பரக்காரர் இல்லை, நீங்கள்.

டேட்டா மிச்சம் என்றதும் யூசி பிரவுசர் நினைவுக்கு வருகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மலிவான போன் வைத்திருந்த எல்லோரிடமும் இருந்தது. பக்கத்தைச் சுருக்கிக் கொடுக்கும், வேகமாகத் திறக்கும். சீனாவின் அலிபாபா நிறுவனத்துடையது. தேடியது என்ன, எங்கே இருக்கிறார், போனின் அடையாள எண் என்ன என்பதெல்லாம் அதிலிருந்து சரியான பூட்டில்லாமல் கசிந்தன என்று கனடாவின் சிட்டிசன் லேப் 2015இல் காட்டியது. இந்திய அரசு 2020 ஜூனில் தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. காரணம் எல்லைச் சண்டை. ஏழைகளின் அந்தரங்கத்துக்காக அந்த ஐந்து ஆண்டில் அதைத் தடை செய்யவில்லை.

அப்படியென்றால் சுத்தமான பிரவுசர் எது? தோழர்களே, அப்படி ஒன்று இல்லை. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பது. தேடல் பெட்டியில் கூகுளை வைத்திருப்பதற்கான கூலி. 2025 பிப்ரவரியில் மொசில்லா புதிய பயன்பாட்டு விதிகளை வெளியிட்டு, உங்கள் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம் என்ற பழைய வாக்குறுதியை நீக்கியது. கடும் எதிர்ப்பு வந்ததும் விதிகளின் வாசகத்தைத் திருத்தியது. பிரேவ் தொழில்நுட்பத்தில் நல்ல பிரவுசர், குறைந்த நினைவகம் உள்ள போனிலும் நன்றாகவே ஓடுகிறது. அதை நிறுவிய பிரெண்டன் ஐக், தன்பாலினத் திருமணத்துக்கு எதிரான கலிஃபோர்னியப் பிரச்சாரத்துக்கு 2008இல் ஆயிரம் டாலர் கொடுத்தவர். 2014இல் மொசில்லா தலைவரான சில நாட்களில் அதனால்தான் விலக நேர்ந்தது. 2020இல் பிரேவ், பயனர் தட்டச்சு செய்யும் சில முகவரிகளில் தனக்குத் தரகு வரும்படி ஒட்டுச் சேர்த்துப் பிடிபட்டது. டக்டக்கோவின் பிரவுசர், மைக்ரோசாஃப்டின் சில பின்தொடரும் நிரல்களை மட்டும் விட்டுவைத்ததை 2022இல் ஒரு ஆய்வாளர் கண்டுபிடித்தார்; பிறகு திருத்திக்கொண்டார்கள். டோரின் தொடக்கமோ அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம்.

இந்தப் பட்டியலைக் காட்டி 'எல்லாமே ஒன்றுதான்' என்று குரோமிலேயே உட்கார்ந்துவிடுகிற தோழர்களைப் பார்த்திருக்கிறேன். தூய்மை, தீட்டு பார்த்துத் தொடாமல் ஒதுங்குவது நமக்கு வேண்டாத வேலை. என்னைக் கேட்டால் பயர்பாக்ஸ்தான். அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றி வெளியிடலாம். அப்படி மாற்றி, மொசில்லாவுக்கே தகவல் போகாதபடி செய்து லிப்ரவுல்ஃப் என்று தன்னார்வலர்கள் கணினிக்கு வெளியிடுகிறார்கள். தவறு செய்தால் கத்துவதற்கு ஆள் இருக்கிறது, கத்தினால் கேட்கவும் செய்கிறார்கள். பயர்பாக்ஸ் திணறுகிற பழைய போன் என்றால் பிரேவ் போடுங்கள். அதில் வருகிற கிரிப்டோ, வெகுமதி சமாச்சாரங்களையெல்லாம் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக அரசு. நீங்கள் பாதுகாப்பான இணைப்பில் ஒரு தளத்தைத் திறந்தால், என்ன கட்டுரை படித்தீர்கள் என்று இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று பொதுவாகத் தெரியும். அதுவும் தெரியக் கூடாது என்றால் டோர். உங்கள் கோரிக்கை மூன்று இடைநிலைக் கணினிகள் வழியே போகும். முதல் கணினிக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினிக்கு எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது. மெதுவாக இருக்கும், பல தளங்கள் 'நீங்கள் ரோபோவா' என்று கேட்டுப் படுத்தும். ஒரு புகாரின் பின்னணியைத் தோண்டுகிற செய்தியாளர், அதிகாரம் உள்ளவர் மீது ஆவணம் திரட்டுகிறவர் ஆகியோருக்கு அந்தத் தாமதம் தகும். டோருக்குள் போய் சொந்த ஃபேஸ்புக் கணக்கில் நுழையாதீர்கள். முகமூடி போட்டுக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டிய மாதிரி. யூடியூபில் விளம்பரம் செய்யும் வி.பி.என். எதையும் இதற்குப் பதிலாக நம்பாதீர்கள். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் இந்தியாவின் சிஇஆர்டி-இன் உத்தரவிட்டது. பல நிறுவனங்கள் அதனால் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டுப் போயின. மிச்சமிருப்பவை எவை என்று யோசித்துப் பாருங்கள்.

பிரவுசரின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியில், அவருக்கே தெரியாமல் கோப்புகள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையின்படி, தெரிந்தவர் அனுப்பியது போல வந்த மின்னஞ்சலில் இருந்த இணைப்பைத் திறந்ததில் உளவு நிரல் புகுந்தது. டோர் இருந்திருந்தாலும் அது தடுத்திருக்காது. கூட்ட அறிக்கை, துண்டறிக்கை என்று வாட்ஸப்பிலும் மெயிலிலும் வருகிற எல்லாக் கோப்பையும் தட்டித் திறக்கிற பழக்கம் நம் தோழர்களிடம் இருக்கிறதே, பிரவுசரை மாற்றுவதற்கு முன் அதை மாற்ற வேண்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். பயர்பாக்ஸுக்கு மாறும்போது, குரோமில் சேமித்த பக்கக் குறிகளைக் கணினியில் அது தானே இழுத்துக்கொள்ளும். அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. சில வங்கிகளின் தளமும் சில அரசுப் படிவங்களும் குரோமில் மட்டும் ஓடும்படி எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு மட்டும் குரோமைத் திறங்கள், முடிந்ததும் மூடுங்கள். தேடல் பெட்டியில் கூகுளை எடுத்துவிட்டு டக்டக்கோ வைத்துப் பாருங்கள். தமிழில் தேடினால் கூகுள் அளவுக்குக் கிடைக்காது, அதைச் சொல்லிவிட வேண்டும். தேவைப்படும்போது கூகுளுக்குப் போய் வரலாம். பிரவுசிங் சென்டரிலோ கல்லூரிக் கணினியிலோ உதவித்தொகை விண்ணப்பம் போடுகிறவர்கள், தனி சாளரத்தில் போட்டு, வெளியேறி, இறங்கிய சாதிச் சான்றிதழ் நகலை அழித்துவிட்டு எழுந்திருங்கள். அந்தக் கணினிகளின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்தால் ஒரு ஊரின் ஆதார் அட்டைகள் மொத்தமும் கிடக்கும்.

போன் கொண்டுவந்திருப்பவர்கள் இப்போதே எடுங்கள். வைஃபை கடவுச்சொல் பலகையில் எழுதியிருக்கிறது. யூபிளாக் ஆரிஜின் போடுவதில் யாருக்காவது சிக்கல் வந்தால் முன்வரிசைக்கு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.